தலையணைக்கு அடியில் ஒரு ரேடியோ!

பிரிட்டிஷ் ராக் இசையோடு வளர்ந்த தலைமுறை இன்னும் மறக்காத கடல் வானொலியின் கதை

விரல் பட்டால் போதும், உலகின் எந்த மூலையில் வெளியான பாட்டும் இரண்டே விநாடியில் காதில் விழுகிறது. இது இன்றைய கதை. 1960-ல் லண்டனிலோ லிவர்பூலிலோ இருந்த பதினைந்து வயதுப் பையனுக்குப் பிடித்த பாட்டு வேண்டுமென்றால், வீட்டில் எல்லோரும் தூங்கும்வரை காத்திருக்க வேண்டும். போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்த டிரான்சிஸ்டரின் சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். கரகரப்புக்கு நடுவே எங்கோ தூர தேசத்திலிருந்து கிடார் சத்தம் வரும். வந்த வேகத்திலேயே தேய்ந்து மறையும்.

அப்படிக் கேட்ட பையன்களும் பெண்களும் இன்று எண்பதை நெருங்குகிறார்கள், சிலர் தாண்டியும்விட்டார்கள். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் என்று பேச்சு தொடங்கினால், கொஞ்ச நேரத்தில் அது இந்தப் போர்வை ரேடியோவில் வந்து நிற்கும். வீட்டில் அவர்களுக்கே அவர்களுக்கென்று கிடைத்த முதல் பொருள் அதுதான். அதில் என்ன கேட்கலாம் என்பதை முடிவு செய்ய நாடாளுமன்றமே சட்டம் போட வேண்டியிருந்தது என்பதுதான் இந்தக் கதையின் சுவாரஸ்யம்.

கூடத்து ரேடியோ அப்பாவுக்கு!

இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்தாலும், பிரிட்டனின் சமையலறைகளைவிட்டு அது வெளியேற மேலும் ஒன்பது வருடங்கள் ஆயின. மிட்டாய் வாங்கக்கூட 1953 வரை ரேஷன்தான். கடைசியாக இறைச்சிக்கான ரேஷன் நீங்கியது 1954 ஜூலையில். குண்டு விழுந்து இடிந்த கட்டடங்களுக்கு நடுவே விளையாடி வளர்ந்த தலைமுறை அது.

குடும்பத்துக்கு ஒரு ரேடியோ. அது கூடத்தில் இருக்கும். எதைக் கேட்பது என்பதை அப்பா முடிவு செய்வார். போர்க்காலம் முழுக்க அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து செய்தி கேட்டவர் அவர். அவருக்கு அது நம்பிக்கையின் குரல். பிள்ளைகளுக்கோ அது பெரியவர்களின் குரல்.

உள்நாட்டு வானொலி என்றால் பி.பி.சி மட்டும்தான். அதன் 'லைட் புரோகிராம்' பிரிவில் வார இறுதியில் 'சாட்டர்டே கிளப்', 'பிக் ஆஃப் தி பாப்ஸ்' போன்ற நிகழ்ச்சிகள் வரும். இளைஞர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய அவ்வளவுதான். மற்ற நேரங்களில் ஏதாவதொரு வாத்தியக்குழு, பிரபலமான பாட்டைத் தன் பாணியில் வாசித்துக்கொண்டிருக்கும்.

பி.பி.சி-க்குப் பாட்டு பிடிக்காது என்பது மட்டும் காரணமல்ல. அன்று 'நீடில் டைம்' என்றொரு ஏற்பாடு இருந்தது. இசைத்தட்டின் மேல் ஊசி ஓடலாம் என்று அனுமதிக்கப்பட்ட நேரம் என்று அர்த்தம். வானொலியில் நாள் முழுக்கத் தட்டு ஓடினால் நேரில் வாசிக்கும் கலைஞர்களின் பிழைப்பு என்ன ஆவது என்று இசைக்கலைஞர்கள் சங்கம் கவலைப்பட்டது. இப்படியே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தால் தட்டை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிகளும் பயந்தன. அதனால் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் தட்டு ஓடலாம் என்று ஒப்பந்தம். இருவருடைய கவலையும் நியாயமானதுதான். ஆனால், பதினைந்து வயதுக்கு ஒப்பந்தம் புரியுமா?

208 மீட்டரில் வந்த விருந்தாளி

அந்த வயதுக்குக் கைகொடுத்தது லக்ஸம்பர்க். பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றுக்கும் இடையில் இருக்கும் அந்தக் குட்டி நாட்டிலிருந்து, ரேடியோ லக்ஸம்பர்க் இரவு நேரத்தில் ஆங்கில ஒலிபரப்பு நடத்தியது. மத்திய அலை, 208 மீட்டர்.

ஏன் இரவில்? மத்திய அலை பகலில் அதிக தூரம் போகாது. இருட்டிய பிறகு வானத்தின் மேலடுக்கில் பட்டுத் தெறித்து, நூற்றுக்கணக்கான மைல் தாண்டி இறங்கும். ஆனால், அந்த மேலடுக்கு நிலையாக இருக்காது. அதனால்தான் பாட்டு ஓங்கி வரும், சட்டென்று அமுங்கும், மறுபடி எழும்பும். பாட்டின் நல்ல கட்டம் வரும்போது பார்த்துத்தான் சத்தம் தேயும் என்று அந்தத் தலைமுறை சிரித்துக்கொண்டே சொல்லும். ஒரு பாட்டுக்காக இலங்கை வானொலியைத் தேடி முள்ளைத் திருப்பியவர்களுக்கு இந்தத் தவிப்பு நன்றாகவே புரியும்.

லக்ஸம்பர்க்கிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய இசைத்தட்டு கம்பெனிகள் அதன் நேரத்தை விலைக்கு வாங்கி, தங்கள் தட்டுகளையே சுற்றவிட்டன. நடுநடுவே விளம்பரங்கள் வேறு. கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிக்க வழி சொல்வதாக ஹொரேஸ் பேட்ச்லர் என்பவர் வருவார். கடிதம் எழுத வேண்டிய ஊர் 'கேன்ஷம்'. அதன் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொல்வார். அந்த ஊர்ப் பக்கமே போகாதவர்களுக்கும் அதன் ஸ்பெல்லிங் ஆயுளுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

தேயிலைப் பெட்டியும் துணி தேய்க்கும் பலகையும்

கேட்க மட்டுமா செய்தார்கள்? கையில் கிடைத்ததை எடுத்து வாசிக்கவும் தொடங்கினார்கள். 1956-ல் லோனி டோனிகன் பாடிய 'ராக் ஐலண்ட் லைன்' பெரிய வெற்றி பெற்றது. அந்த இசைக்கு 'ஸ்கிஃபில்' என்று பெயர். அதற்குக் காசு அதிகம் தேவையில்லை. ஒரு மலிவான கிடார். அம்மா துணி தேய்க்கும் வரிவரியான பலகை. விரலில் உலோகக் கவசம் மாட்டி அதைச் சுரண்டினால் தாளம். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலை வந்திறங்கிய மரப்பெட்டியைக் கவிழ்த்து, துடைப்பக் கட்டையை நிறுத்தி, இடையில் கயிற்றை இழுத்துக் கட்டினால் 'பாஸ்' வாத்தியம் தயார்!

தெருவுக்குத் தெரு குழுக்கள் முளைத்தன. லிவர்பூலில் ஜான் லெனன் என்ற பள்ளி மாணவர் சேர்த்த குழுவின் பெயர் 'குவாரிமென்'. 1957 ஜூலை 6 அன்று வூல்டன் பகுதி தேவாலய விழாவில் அந்தக் குழு வாசித்தது. வேடிக்கை பார்க்க வந்த பால் மெக்கார்ட்னிக்கு அப்போது 15 வயது, லெனனுக்கு 16. பீட்டில்ஸ் பிறக்கக் காரணமான சந்திப்பு அது.

இன்னொரு அதிர்ஷ்டமும் இந்தத் தலைமுறைக்கு வாய்த்தது. அதுவரை பிரிட்டனில் வாலிப வயதை எட்டிய ஆண்கள் கட்டாய ராணுவ சேவைக்குப் போக வேண்டும். இரண்டு வருடம் முடி வெட்டி, சீருடை மாட்டி, 'யெஸ் சார்' சொல்லிவிட்டுத் திரும்பும்போது இளமையின் பாதி போயிருக்கும். 1960-ல் ஆள் சேர்ப்பது நின்றது. 1940-ல் பிறந்த லெனனும் ரிங்கோ ஸ்டாரும் மயிரிழையில் தப்பியவர்கள். அண்ணன்கள் துப்பாக்கி ஏந்திய வயதில் தம்பிகள் கிடார் ஏந்தினார்கள்.

கூடுவதற்கும் இடங்கள் கிடைத்தன. மதுக்கூடத்துக்குள் நுழைய வயது போதாதவர்களுக்கு காபி பார்! லண்டன் சோஹோ பகுதியின் 'டூ ஐஸ்' காபி பாரில் மேலே காபி இயந்திரம் சீறும், கீழே நிலவறையில் பாட்டு. டாமி ஸ்டீல் வெளிச்சத்துக்கு வந்தது அங்கேதான். லக்னோவில் பிறந்த ஹாரி வெப்பும் அங்கே பாடியவர். க்ளிஃப் ரிச்சர்ட் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

லிவர்பூலின் 'கேவர்ன்' கிளப், கிடங்கு ஒன்றின் நிலவறை. செங்கல் வளைவுகள், காற்று வராத இடுக்கு, சுவரில் வியர்வை வழியும். மது கிடையாது. மதிய உணவு இடைவேளையிலும் அங்கே கச்சேரி நடந்தது. டைப்பிஸ்ட் பெண்களும் கடைப் பையன்களும் சாண்ட்விச்சோடு வந்து ஆடிவிட்டு, வியர்வை நாற்றத்தோடு வேலைக்குத் திரும்புவார்கள். பீட்டில்ஸ் அங்கே 292 முறை மேடையேறியதாகக் கணக்கு. அங்கே கோட்டுகளை வாங்கி மாட்டும் வேலை பார்த்த ஒரு பெண், பிறகு சில்லா பிளாக் என்ற பெயரில் நாடறிந்த பாடகியானார்.

ஆறு ஷில்லிங் எட்டு பென்ஸ்

இரண்டு பாட்டு கொண்ட சின்ன இசைத்தட்டு 1960-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஆறு ஷில்லிங் எட்டு பென்ஸ். மூன்று தட்டு வாங்கினால் ஒரு பவுண்டு சரியாகக் காலி. பேப்பர் போட்டும், சனிக்கிழமை கடையில் நின்றும் சம்பாதித்த காசுக்கு அது பெரிய தொகை. அதனால், கடையில் இருந்த சிறு கூண்டுக்குள் நின்று பாட்டைக் கேட்டுவிட்டு, 'அடுத்த வாரம் வர்றோம்' என்று நழுவியவர்கள் ஏராளம். வாங்கிய தட்டு நண்பர்கள் வீடெல்லாம் சுற்றும். யாரிடம் என்ன தட்டு இருக்கிறது என்பதைவைத்தே நட்பு பிறக்கும்.

1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் நடந்தது அதுதான். கீத் ரிச்சர்ட்ஸ், பால்ய நண்பர் ஒருவரை நடைமேடையில் தற்செயலாகப் பார்த்தார். நண்பரின் கையில் சக் பெர்ரி, மட்டி வாட்டர்ஸ் ஆகியோரின் அமெரிக்க இசைத்தட்டுகள். சுலபத்தில் கிடைக்காத பொக்கிஷம்! பேச்சு தொடங்கியது. அந்த நண்பர் மிக் ஜாகர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கதை அந்த நடைமேடையில் ஆரம்பமாகிறது.

1963-ல் பீட்டில்ஸ் அலை நாட்டையே புரட்டிப்போட்டது. அதே ஆண்டில் 'ரெடி ஸ்டெடி கோ', 1964 ஜனவரி 1 முதல் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்று டி.வி-யில்கூட இடம் கிடைத்துவிட்டது. வானொலியில் மட்டும் அதே பழைய கணக்கு.

கரையிலிருந்து மூன்று மைல்

அந்தக் கணக்கை உடைத்தவர் ரோனன் ஓ'ராஹிலி. அயர்லாந்துக்காரர், வயது 23. அவருடைய தாத்தா 1916-ல் டப்ளினில் நடந்த ஈஸ்டர் கிளர்ச்சியில் உயிர்விட்டவர். பேரன் லண்டனில் ஜார்ஜி ஃபேம் என்ற பாடகருக்காக ஓடியாடிக்கொண்டிருந்தார். அவருடைய தட்டை ஒலிபரப்பச் சொல்லிப் போன இடமெல்லாம் கதவு மூடியது. எங்கள் பாடகர்களுக்கு இடமில்லை என்றால் எங்களுக்கென்று ஒரு வானொலி வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

பிரிட்டனின் சட்டம் அன்று கரையிலிருந்து மூன்று மைல்வரைதான் செல்லும். அதைத் தாண்டி நங்கூரம் போட்டால்? டென்மார்க்கின் பழைய பயணிக் கப்பல் ஒன்றை வாங்கினார். அயர்லாந்தில் அப்பாவுக்குச் சொந்தமான கிரீனோர் துறைமுகத்தில் வைத்து, அதில் ஒலிபரப்புக் கருவிகளைப் பொருத்தினார். அமெரிக்க அதிபர் கென்னடியின் குட்டி மகள் கரோலினின் புகைப்படத்தைப் பார்த்துக் கவரப்பட்டு, வானொலிக்கு 'ரேடியோ கரோலின்' என்று பெயர் வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

1964 மார்ச் 28, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, நண்பகல். இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் ஃபீலிக்ஸ்டோ ஊருக்கு அப்பால் நின்ற கப்பலிலிருந்து சைமன் டீயின் குரல் ஒலித்தது. முதல் பாட்டு ரோலிங் ஸ்டோன்ஸின் 'நாட் ஃபேட் அவே'. இரவுவரை காத்திருக்கத் தேவையில்லை. பட்டப்பகலில், தேயாமல் மறையாமல், பாட்டுக்கு மேல் பாட்டு!

அந்த டிசம்பரில் 'ரேடியோ லண்டன்' கப்பலும் வந்து சேர்ந்தது. இன்னும் சிலர், போர்க்காலத்தில் தேம்ஸ் முகத்துவாரத்தில் எழுப்பிக் கைவிடப்பட்டிருந்த கடல் கோட்டைகளில் ஏறி ஒலிபரப்பினார்கள். பத்திரிகைகள் இவர்களுக்கு வைத்த பெயர் 'கடற்கொள்ளை வானொலி'. திட்டுவதற்காக வைத்த பெயர் இளைஞர்களுக்குப் பட்டமாகிவிட்டது.

அதே ஈஸ்டர், அதே கடற்கரை

கரோலின் பேசத் தொடங்கிய அதே வார இறுதியில், அதே கிழக்குக் கரையின் கிளாக்டன் ஊரில் இளைஞர்கள் மோதிக்கொண்டார்கள். ஒரு பக்கம் 'மாட்ஸ்'. கச்சிதமாகத் தைத்த சூட், அது அழுக்காகாமல் இருக்க மேலே பார்க்கா கோட்டு, ஏகப்பட்ட கண்ணாடிகள் மாட்டிய வெஸ்பா, லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர்கள். மறுபக்கம் 'ராக்கர்ஸ்'. தோல் ஜாக்கெட், எண்ணெய் தடவி வாரிய தலை, உறுமும் மோட்டார் சைக்கிள்.

குளிரும் மழையுமான ஈஸ்டர் அது. பொழுது போகாத கூட்டம் ஒன்றையொன்று துரத்தியது, கண்ணாடிகள் உடைந்தன. பத்திரிகைகளோ ஊரே சூறையாடப்பட்டதைப் போல எழுதின. மே மாதம் மார்கேட்டிலும் பிரைட்டனிலும் மறுபடி கைகலப்பு. சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் இந்தச் சம்பவங்களை ஆராய்ந்து 1972-ல் புத்தகம் எழுதினார். நடந்ததைவிட எழுதப்பட்டது எவ்வளவோ பெரிது என்பது அவர் கண்டது. ஊர் பயந்துபோய் ஒரு கூட்டத்தையே வில்லனாக்குவதை விளக்க அவர் கையாண்ட கருத்து இன்றும் பாடமாக இருக்கிறது.

பெற்றோர் பயந்ததிலும் அர்த்தமில்லாமல் இல்லை. அவர்கள் பட்டினியும் குண்டும் பார்த்தவர்கள். ஒரே பெட்டியின் முன் குடும்பமாக உட்கார்ந்து பழகியவர்கள். பிள்ளை தனி ரேடியோவோடு தன் அறைக்குள் போனபோது, அங்கே என்ன கேட்கிறான், யாரோடு சேர்கிறான் என்பது முதல்முறையாக அவர்களுக்குத் தெரியாமல்போனது. இன்று பிள்ளையின் கையிலிருக்கும் போனைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோருக்கு இது புதிய செய்தி அல்ல.

கரையில் மின்னிய விளக்குகள்

கப்பல் வாழ்க்கை பாட்டைப் போல இனிமையாக இல்லை. அலையில் கப்பல் ஆடும், தட்டின் மேல் ஊசி துள்ளும். சாப்பாடு, தண்ணீர், கடிதம், புதிய தட்டு எல்லாம் படகில் வர வேண்டும். புயலடித்தால் படகு வராது. 1966 ஜனவரியில் கரோலினின் 'மி அமிகோ' கப்பல் நங்கூரம் அறுந்து ஃபிரின்டன் கரையில் தரைதட்டியது. உள்ளே இருந்தவர்களைக் கயிறு கட்டி மீட்டார்கள். அவர்களில் ஒருவர் டோனி பிளாக்பர்ன் என்ற இளம் அறிவிப்பாளர்.

கப்பல் மறுபடி கடலுக்குப் போனது. அங்கிருந்து இரவு நிகழ்ச்சி நடத்திய ஜானி வாக்கர் ஒரு விளையாட்டைத் தொடங்கினார். ஃபிரின்டன் கடற்கரையில் காரை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்த ஜோடிகளிடம் அவர் கேள்வி கேட்பார். அவர்கள் கார் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு பதில் சொல்வார்கள். இருட்டில் மின்னும் விளக்குகளை எண்ணிப் பார்த்து, கடலிலிருந்தபடியே அவர் பேச்சைத் தொடர்வார். லைக்கும் கமென்ட்டும் இல்லாத காலத்தில் நேயருக்கும் அறிவிப்பாளருக்கும் இருந்த உறவு அது.

சட்டம் ஜெயித்தது... அப்புறம்?

அரசு பொறுமை இழந்தது. கப்பல்கள் அனுமதியில்லாத அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு மற்ற நாட்டு நிலையங்களுக்கு இடைஞ்சல் செய்கின்றன. கலைஞர்களுக்குச் சேர வேண்டிய உரிமத்தொகையைக் கொடுப்பதில்லை என்பது அதன் வாதம். 1966 ஜூனில் கடல் கோட்டை வானொலி ஒன்றைப் பற்றிய தகராறில் அதன் உரிமையாளர் ரெஜினால்ட் கால்வர்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். இனி பொறுக்க முடியாது என்ற குரல் வலுத்தது.

கப்பலைத் தொட முடியாது. ஆனால், அதற்கு உதவுபவர்களைத் தொடலாமே! பிரிட்டிஷ் குடிமக்கள் அதில் வேலை செய்வதும், சாப்பாடு கொண்டுபோவதும், விளம்பரம் கொடுப்பதும் குற்றம் என்று சட்டம் வந்தது. 1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவிலிருந்து அமல்.

அன்று பிற்பகல் 3 மணிக்கு ரேடியோ லண்டன் விடைபெற்றது. ரயிலில் வந்திறங்கிய அறிவிப்பாளர்களை வரவேற்க, லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் இளைஞர் கூட்டம் அலைமோதியது. பலர் அழுதார்கள். கரோலின் மட்டும் நள்ளிரவைத் தாண்டியும் பாடியது. சட்டத்தை மீறி மைக் முன் உட்கார்ந்தவர் ஜானி வாக்கர். 1968 மார்ச்சில், கட்டணப் பாக்கிக்காக அதன் கப்பல்கள் இழுத்துச் செல்லப்பட்டபோதுதான் அந்தக் குரல் அடங்கியது.

ஆனால், வேடிக்கை அதற்கு முன்பே நடந்துவிட்டது. லட்சக்கணக்கான இளைஞர்களின் ரேடியோவை வெறுமையாக விட முடியாது என்று அரசுக்கும் தெரியும். 1967 செப்டம்பர் 30, காலை 7 மணி. இளைஞர்களுக்கென்றே பி.பி.சி தொடங்கிய 'ரேடியோ 1' ஒலித்தது. முதல் குரல், தரைதட்டிய கப்பலிலிருந்து மீட்கப்பட்ட அதே டோனி பிளாக்பர்ன்! முதலில் முழுதாக ஒலித்த பாட்டு 'தி மூவ்' குழுவின் 'ஃபிளவர்ஸ் இன் தி ரெயின்'. கென்னி எவரெட், ஜான் பீல் எனக் கடலில் பேசியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நிகழ்ச்சிகளுக்கு நடுவே வரும் சின்னப் பாட்டுகளைக்கூட, ரேடியோ லண்டனுக்குச் செய்துகொடுத்த அமெரிக்காவின் டல்லஸ் நகர நிறுவனத்திடமே பி.பி.சி வாங்கியது. கப்பல்கள் போயின; அவற்றின் ஒலி அரசின் அனுமதியோடு கரையேறியது.

இன்னும் இரண்டு வருடத்தில், 1969-ல், பிரிட்டன் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்தது. அதற்குக் காரணம் பாட்டு என்று சொன்னால் மிகை. ஆனால், பதினெட்டு வயதுக்கும் ஒரு விருப்பம், ஒரு முடிவு உண்டு என்று பெரியவர்களைப் பழக்கியதில் அந்தக் கையளவு டிரான்சிஸ்டருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

648-ல் இன்றும்...

ஓ'ராஹிலி 2020 ஏப்ரலில் காலமானார். கார் விளக்குகளோடு பேசிய ஜானி வாக்கர், பிற்காலத்தில் பி.பி.சி-யின் செல்லக் குரலாகி, 2024-ன் கடைசி நாளில் விடைபெற்றார். ரேடியோ கரோலின் மட்டும் பல முறை மூழ்கி, பல முறை எழுந்து, இன்னும் இருக்கிறது. 2017 டிசம்பரிலிருந்து முறையான உரிமத்தோடு மத்திய அலையில் 648 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதற்கு முன்பு அது யாருடைய அலைவரிசை தெரியுமா? பி.பி.சி உலக சேவையுடையது!

எசெக்ஸின் பிளாக்வாட்டர் ஆற்று முகத்துவாரத்தில் 'ராஸ் ரிவெஞ்ச்' என்ற அதன் பிற்காலக் கப்பல் நிற்கிறது. தலை நரைத்தவர்கள் படகில் போய் அதைச் சுற்றிப் பார்க்கிறார்கள், பேரப் பிள்ளைகளையும் அழைத்துப்போகிறார்கள். பிள்ளைகள் போனிலேயே கரோலினைத் துல்லியமாகக் கேட்டுவிடலாம். தாத்தாவும் பாட்டியும் விரும்பினால் பழைய ரேடியோவில் 648-க்கு முள்ளைத் திருப்பலாம். இரவில் அங்கே கொஞ்சம் கரகரக்கும். ஆனால், போர்வைக்குள் ஒளிய வேண்டியதில்லை!